இடது ஐந்து, வலது ஏழு

பிப்ரவரி 2

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணி எழுதுகிறேன். போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் அதற்கு மேல் கத்துகிறேன், கடைசியில் யாராவது ஒருத்தி பட்டென்று வைத்துவிடுகிறோம். அதுவுமில்லாமல் கடை போன் எப்போதும் உன் அண்ணன் கையில்தான் இருக்கிறது. அவர் காதுபட இதையெல்லாம் பேச எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் தபால். எழுதினால் பாதிக் கோபம் பேனாவோடு போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

உன் அண்ணன் போனில் சொல்லியிருப்பார், நம் கடையை மூடிவிட்டார்கள். அந்தப் பெரிய ஆன்லைன் சந்தையில் திங்கட்கிழமை காலையில் திறந்து பார்த்தால், நம் கடை இருந்த இடத்தில் ஒரே ஒரு வரி நிற்கிறது. "ஜோடி பொருந்தாத, குறைபாடுள்ள காலணிகளை விற்றதால் இந்த விற்பனையாளர் நீக்கப்பட்டார்."

ஜோடி பொருந்தாததுதானடி நம் தொழிலே! ஒரு கால் சின்னது, ஒரு கால் பெரியது என்று இருப்பவர்களுக்கு அந்தந்தக் காலின் அளவுக்குத் தைத்துக் கொடுக்கிறோம். "இரண்டளவு" என்று கடைக்குப் பெயர் வைத்ததே நீதான். சின்ன வயதுக் காய்ச்சலில் உன் இடது கால் வளராமல் நின்றுபோய், வருஷா வருஷம் இரண்டு ஜோடி வாங்கி, இரண்டு ஒற்றையைத் தூக்கிப் போட்டவள் நீ. இடது ஐந்து, வலது ஏழு என்று உன் அண்ணன் உனக்குத் தைத்த ஜோடியில் ஆரம்பித்ததுதான் இவ்வளவும். உனக்கே இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது பார்.

"சந்தையில போடலாம் அண்ணி, அங்கதான் கூட்டம் இருக்கு" என்றது யார்? நீ. "நமக்குன்னு தனியா ஒரு கடை போடலாம்" என்றது யார்? நான். அங்கே அளவு எழுத ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. நான் அப்போதே முகத்தைச் சுளித்தேன். நீதான் "கீழ குறிப்புல எழுதிக்கலாம்" என்று "இரண்டும் ஒரே அளவு அல்ல" என்று எழுதினாய். அந்த வரிதான் நம் காலை வாரிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

முன்னறையில், ரத்தான ஆர்டர் பெட்டிகள் ஜன்னல் உயரத்துக்கு நிற்கின்றன. கூரியர்க்காரர் வாசலில் வண்டியை நிறுத்தி, "இன்னைக்கும் ஒண்ணும் இல்லையாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். உன் அண்ணன் வாயே திறப்பதில்லை. ஒவ்வொரு பெட்டியையும் ஒட்டும்போது ஏதாவது ஒரு கேலி சொல்லாமல் அவருக்குக் கை ஓடாது, உனக்குத் தெரியும். இப்போது சாப்பிடு என்றால் சாப்பிடுகிறார், படு என்றால் படுக்கிறார். நேற்று திடீரென்று, "எதிர்த்த தெரு தோல்பைக் கடை முதலாளி மாசக் கடைசியில வந்து மெஷினை எடுத்துக்குவாரு" என்றார். பேசி முடித்தாயிற்றாம். தோல் தைக்கிற அந்த மெஷின் போய்விட்டால் அதற்குப் பிறகு கடையும் இல்லை, வேலையும் இல்லை, இந்த மனுஷனும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

மாசக் கடைசிக்குள் வேறு எங்கே கடை போடலாம், எதில் என்ன வசதி, எதில் என்ன வம்பு என்று விசாரித்து எழுது. சுற்றி வளைக்காதே.

அண்ணி

*

பிப்ரவரி 6

அண்ணி,

நாள் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வாஷிங் மெஷின் ரிப்பேரானவர்களிடமெல்லாம் "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று சொல்வதுதான் என் வேலை. அறைக்கு வந்து உங்கள் கடிதத்தைப் பிரித்தால் அங்கேயும் நான்தான் வருந்த வேண்டும் போலிருக்கிறது. வருந்த மாட்டேன். "இரண்டும் ஒரே அளவு அல்ல" என்ற வரியைப் பார்த்துத்தான் அத்தனை பேரும் வந்தார்கள். நீங்கள் சொன்ன தனிக்கடையை முதலிலேயே போட்டிருந்தால் நாம் மூன்று பேரும் மட்டும் உள்ளே போய் வந்துகொண்டிருப்போம்.

சரி, சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். விசாரித்துவிட்டேன்.

இன்னொரு சந்தைக்குப் போகலாம். கமிஷன் கொஞ்சம் குறைவு, கைவேலைக்காரர்கள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். ஆனால் பதிவு செய்து பார்த்தேன், அங்கேயும் அளவுக்கு ஒரே கட்டம்தான். அவர்கள் உலகத்தில் எல்லாருக்கும் இரண்டு காலும் ஒன்றுபோலத்தான் வளர்கிறது. பணம் கட்டாமல் படம் மட்டும் போடுகிற பக்கம் ஒன்று தொடங்கலாம், ஆர்டர் எல்லாம் மெசேஜில் வரும். அது உங்களுக்கு ஒத்துவராது. "விலை?" என்று ஒருவர் கேட்டு, நீங்கள் சொன்னதும் ஆள் காணாமல் போனால், உங்கள் வாய் சும்மா இருக்காது.

இலவச மென்பொருளை இறக்கி நாமே கடை கட்டுவது ஒரு வழி. எல்லாம் நமக்கே சொந்தம், யாரும் வெளியே தள்ள முடியாது. ஆனால் சொந்த வீடு மாதிரிதான், குழாய் ஒழுகினாலும் நாமே பிளம்பர். எனக்கு அந்த வேலை தெரியாது, தெரிந்தவர்களோ கூப்பிட்டால் வருவதில்லை.

எனக்கு மனசில் படுவது மாத வாடகைக் கடை. நம் பெயர், நம் பலகை, இடதுக்கு ஒரு கட்டம், வலதுக்கு ஒரு கட்டம் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். வாங்குகிறவர் விலாசம் நம்மிடமே இருக்கும். ஒரே குறை, தெருவில் ஆள் நடமாட்டம் கிடையாது. நாமாகப் போய் யாரையாவது கூட்டிவந்தால்தான் உண்டு. முதல் மாதம் இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள்.

சந்தைக்கு மேல்முறையீடு எழுதினேன். மூன்று தடவையும் ஒரே பதில், ஒரு எழுத்து மாறவில்லை. அந்தப் பக்கம் மனுஷரே இல்லை என்று நினைக்கிறேன். விடமாட்டேன், என் வேலையே இந்த மாதிரி ஆட்களைப் பேசவைப்பதுதான். அண்ணனை மெஷினை மட்டும் கொடுக்கவிடாதீர்கள்.

வாயாடி

*

பிப்ரவரி 10

வாயாடி,

நீ ஒப்பிட்டு எழுதியதெல்லாம் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இதில் எது மாசக் கடைசிக்குள் ஒரு ஜோடியாவது விற்கும்? அதைச் சொல்லவில்லையே.

படம் போடுகிற பக்கத்தை நானே தொடங்கிப் பார்த்தேன். நீ சொன்னபடிதான் ஆயிற்று. எல்லாரும் இதயம் அமுக்குகிறார்கள். ஒரு அம்மாள், "அழகா இருக்கு, ஒரே அளவுல கிடைக்குமா?" என்று கேட்கிறாள். என் வாய் சும்மா இருக்கவில்லை. அந்த அம்மாளும் போய்விட்டாள்.

வாடகைக் கடை என்கிறாய். யாரைக் கூட்டிவருவது? நம்மிடம் வாங்கினவர்கள் யாரென்று நமக்குத் தெரியுமா? பார்சல் மேல் ஒட்டுகிற சீட்டைச் சந்தைக்காரனே அனுப்புவான், அதில் கோடு கோடாக ஒரு கட்டம் மட்டும்தான் இருக்கும். இத்தனை நாள் யாருக்குத் தைத்தோம் என்று தெரியாமல் தைத்திருக்கிறோம். 

விலாசம் கிடைக்க ஒரு வழி இருந்தது. அளவுக்கட்டம் ஒன்றுதான் என்பதால், இரண்டு காலையும் காகிதத்தில் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்து தபாலில் அனுப்பச் சொன்னோம் இல்லையா? அநேகமாக எல்லாரும் அனுப்பினார்கள். ஒவ்வொரு உறையின் பின்னாலும் விலாசம் இருந்தது. ஓடிப்போய் அலமாரியைத் திறந்தேன். கால்கள் எல்லாம் இருக்கின்றன, ஒரு உறைகூட இல்லை. உன் அண்ணன் கிழித்துக் கிழித்துக் குப்பையில் போட்டிருக்கிறார். கேட்டால், "கால்தானே வேணும், கவர் எதுக்கு?" என்கிறார். அந்த மெஷின் பேச்சுக்குப் பிறகு அவர் பேசிய பெரிய வாக்கியம் இதுதான்.

தரையில் எல்லாவற்றையும் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யார் வீட்டுக் கால் என்று தெரியாத கால்கள். சிலதில் அம்மாக்கள் ஓரத்தில் எழுதியிருக்கிறார்கள். "வரையும்போது சிரித்துவிட்டான், கோடு கொஞ்சம் ஆடியிருக்கும்." "சின்னக் காலைத் தொட்டால் அழுவாள், உள்ளே மெத்தென்று வைக்கவும்." இந்தக் குழந்தைகளுக்கு இப்போது கால் வளர்ந்திருக்கும். அடுத்த அளவுக்கு நம் கடையைத் தேடி வந்திருப்பார்கள். "குறைபாடுள்ள" என்று எழுதியிருப்பதைப் படித்திருப்பார்கள். என்னால் தாங்க முடியவில்லையடி.

அண்ணி

*

பிப்ரவரி 14

அண்ணி,

இந்தக் கடிதத்தை அண்ணன் கண்ணில் படுகிற இடத்தில் வைக்காதீர்கள்.

சந்தையில் கடைசியில் ஒரு மனுஷரைப் பிடித்துவிட்டேன். பாவம், அவரும் என்னைப் போல ஹெட்போன் மாட்டியவர்தான். எங்கள் தொழில் ஆட்களுக்குள் ஒரு இரக்கம் உண்டு. பழைய பதிவையெல்லாம் எடுத்துப் படித்துக் காட்டினார். நான் எழுதிய குறிப்பில் ஒன்றும் தப்பில்லையாம். இரண்டு காலும் சமமாக உள்ள சிலர், விஷயம் புரியாமல், காலை வரைந்து அனுப்பாமலே, படம் அழகாக இருக்கிறது என்று அதில் இருந்த ஜோடியையே வாங்கிவிட்டுப் புகார் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு புகாருக்கும் கடை போனுக்கு ஒரு கேள்வி வந்திருக்கிறது. "வாங்கியவர் சொல்கிறார்: இரண்டு காலணிகளும் ஒரே அளவில் இல்லை. இது உண்மையா?" கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்.

ஒவ்வொரு தடவையும் "ஆம்" என்று பதில் போயிருக்கிறது.

"உங்க தரப்பே ஒத்துக்கிட்டீங்களே மேடம், நான் என்ன பண்ண முடியும்?" என்றார் அவர். இனி அந்தக் கதவு திறக்காது. போன் யார் கையில் இருக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூடியதற்கு மறுநாள் நான் அண்ணனிடம் போனில், "எவனோ மடத்தனமா ஒத்துக்கிட்டிருப்பான்" என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவன் மெதுவாகப் போனை வைத்துவிட்டான். அப்போதே அவனுக்குப் புரிந்திருக்கும் போல. அதனால்தான் மெஷினைக் கொடுக்கிறான் அண்ணி. தன் கையாலேயே கெட்டது, தனக்கு எதற்கு மெஷின் என்று நினைக்கிறான். 

அவனைத் திட்டாதீர்கள்.

வாடகைக் கடையைத் திறந்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பீர்கள். இடது, வலது என்று இரண்டு கட்டமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. இது வரை வந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு மூலையில் காட்டுகிறது. ஒருவர். அது நான்தான்.

வாயாடி

*

பிப்ரவரி 19

வாயாடி,

திட்டக் கூடாது என்று எழுதினாய். படித்து முடித்தவுடன் திட்டத்தான் போனேன். அவர் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். போகப் போகிற மெஷினுக்கு!  பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமான்னு அமுக்கினது நீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

மெஷினை ஒரு தடவை துணியால் துடைத்தார். அப்புறம் சொன்னார்: "உண்மையான்னு கேட்டாங்க. ஒரே அளவு இல்லதானே? ஆமான்னு அமுக்கினேன். நம்ம வேலையைப் புரிஞ்சுக்கிட்டுக் கேக்குறாங்கன்னு நெனச்சேன். ஒவ்வொரு தடவையும் பெருமையா அமுக்கினேன்."

பெருமையா அமுக்கினேன் என்கிறார். இந்த மனுஷனை நான் என்ன சொல்லித் திட்டுவது? "விடுங்க, எனக்கு வந்திருந்தா நானும் அதையேதான் அமுக்கியிருப்பேன்" என்றேன். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே அமுக்கியிருப்பேன். நீயாக இருந்தாலும் அமுக்கியிருப்பாய். நம் மூன்று பேருக்கும் அது குறை என்று தோன்றியதே இல்லையே.

ஆனால் மெஷின் விஷயத்தில் அசையவில்லை. முன்பணம் வாங்கி அது வீட்டு வாடகைக்குப் போய்விட்டது. "வாக்குக் கொடுத்தாச்சு, இனி பேசாதே" என்கிறார்.

எனக்கு ஒன்று தோன்றியது. தரையில் பரப்பிய அந்தக் கால்களைப் படம் எடுத்து இத்துடன் அனுப்புகிறேன். பெயர் இருந்த இடத்தையெல்லாம் மறைத்துவிட்டேன். கடையின் முகப்பில் போடு. "இது உங்கள் வீட்டுக் கால் என்றால், இவ்வளவு நாளில் வளர்ந்திருக்கும். நாங்கள் இங்கே இருக்கிறோம்" என்று எழுது. வேறு யாருக்கும் அது வெறும் கோடு. வரைந்த அம்மாவுக்குத் தெரியும். உன் அண்ணன், "அடுத்தவங்க காலைக் கேக்காம போடுறது தப்பு" என்கிறார். தப்புதான். அவர்களைக் கேட்பதற்கு இருந்த ஒரே வழியைத்தான் அவர் கிழித்துப் போட்டுவிட்டாரே. யாராவது எடுக்கச் சொன்னால் அந்த நிமிஷமே எடுத்துவிடு.

சீக்கிரம் போடு. எனக்கு நாள் ஓடுகிறது.

அண்ணி

*

பிப்ரவரி 23

அண்ணி,

படங்கள் வந்தன, உடனே போட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் அனுப்பினேன். ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர்கள், ஹாஸ்டல் வார்டன், பழைய வகுப்புக்காரர்கள், ஒருத்தரையும் விடவில்லை. வந்து பார்க்கிறார்கள், போகிறார்கள். "ஐயோ பாவம்" என்று எழுதுகிறார்கள். எனக்குப் பரிதாபம் வேண்டாம், இரண்டு கட்டத்திலும் யாராவது எண்ணைப் போட்டால் போதும்.

முதலாளியிடம் ஒரு வாரம் தவணை கேளுங்கள். நீங்களே போய்க் கேளுங்கள், அண்ணன் கேட்க மாட்டான். லீவு கேட்டேன், இந்த வாரம் முடியாது என்றுவிட்டார்கள். அங்கே வந்து மெஷின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம் போலிருக்கிறது. கெஞ்சிக் கேட்கிறேன் அண்ணி. ஒரு வாரம்.

வாயாடி

*

மார்ச் 1

வாயாடி,

போயிற்று.

நீ எழுதியபடி நான் போய்க் கேட்டேன். முதலாளி கெட்டவர் இல்லை. "எனக்கும் ஆர்டர் நிக்குதும்மா, உன் வீட்டுக்காரர் மெஷினை நம்பித்தான் ஆளையே வெச்சேன்" என்றார். நான்கு பேர் வந்து தூக்கினார்கள். வாசல்படியில் இடித்துவிடாமல் இருக்க உன் அண்ணன்தான் முன்னால் நின்று, "கொஞ்சம் சாய்ங்க, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று வழி காட்டினார். அவர்கள் போனபின் துடைப்பத்தை எடுத்து, மெஷின் இருந்த இடத்தைப் பெருக்கினார். பெருக்கிய இடத்தையே மறுபடி மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தார். துடைப்பத்தை நான்தான் பிடுங்கினேன்.

அவர் அழவில்லை, நான் அழுதேன். இப்போது என்னிடம் கோபம்கூட இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

அந்த வாடகைக் கடையை மூடிவிடு. ஆளே வராத தெருவில் பலகை மாட்டி என்ன ஆகப்போகிறது? இனி யார் வந்தாலும் கொடுக்க நம்மிடம் ஒன்றும் இல்லை.

அண்ணி

*

மார்ச் 5

அண்ணி,

நான் மூடவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றே ஒரு அம்மா எழுதினார். "மேல் வரிசையில் மூன்றாவது என் மகன். வரையும்போது சிரித்துவிட்டான் என்று எழுதியது நான்தான். உங்களை எங்கெல்லாம் தேடினோம்! இப்போது இடது மூன்று, வலது ஐந்து." அவர் மகனைக் காட்டுகிற மருத்துவமனையில் இப்படிப்பட்ட பெற்றோர் ஒரு கூட்டமே இருக்கிறது, அவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். நேற்று சாயங்காலத்திலிருந்து வந்துகொண்டே இருக்கிறார்கள். புதியவர்களும் வருகிறார்கள். ஒருவர்கூடப் படத்தை எடுக்கச் சொல்லவில்லை, என் பெண்ணின் கால் எங்கே, அதையும் போடுங்கள் என்று ஒருவர் சண்டைக்கு வருகிறார்.

எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. ஒரு கையில் உங்கள் கடிதம், இன்னொரு கையில் போன். பணமும் கட்டிவிட்டார்கள் அண்ணி. மெஷின் இல்லை என்று இவர்களுக்கு எப்படிச் சொல்வேன்? "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறவள், இந்த ஒரு இடத்தில் அதை எழுத எனக்குக் கை வரவில்லை. நான்கு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா? யாரைப் போய்த் திட்டுவது?

என்ன செய்ய? சீக்கிரம் எழுதுங்கள். இந்தக் கடிதத்தை அண்ணனிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

வாயாடி

*

மார்ச் 10

அன்புள்ள வாயாடிக்கு,

கொடுத்தேன். நின்றபடியே படித்தார். இரண்டாம் தடவை படிக்கும்போது உட்கார்ந்துவிட்டார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து, அலமாரியைக் குடைந்து எதையோ எடுத்துக்கொண்டு வெளியே போனார். எங்கே என்று கேட்டதற்கு, "இதோ வரேன்" என்றார். மத்தியானம் ஆகப்போகிறது, ஆள் வரவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்னென்னவோ நினைத்தேன், அதையெல்லாம் எழுத மாட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகத் தேடினேன்.

பைக்கடைக்குள் இருந்தார். வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து பை தைக்கிற இடத்தில், கடைசி ஆளாக, நம் மெஷின் முன்னால் இருந்தார். கூலிக்குச் சேர்ந்துவிட்டார். முதலாளி வெளியே வந்து என்னிடம், "நான் வெச்ச ஆளுக்கு இந்த மெஷின் வசப்படலம்மா, நூலை அறுத்துக்கிட்டே இருந்துச்சு. இவரே வந்து உக்காந்துட்டாரு" என்றார். என் வீட்டு மனுஷன் தன் சொந்த மெஷினில் வேறொருத்தருக்கு உழைக்கிறார். ஐயோ என்று கத்த வேண்டும் போலிருந்தது, கத்தவில்லை. அத்தனை பேர் பார்க்கிறார்களே.

அப்போது சாப்பாட்டு மணி அடித்தது. எல்லாரும் எழுந்து போனார்கள், இவர் எழுந்திருக்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த பைக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அந்தச் சிரிக்கிற பையனின் கால், சுற்றிலும் புது அளவுக்கு ஒரு கோடு இழுத்திருந்தார். அதை மெஷின் மேல் விரித்துவைத்து, வெட்டி வைத்திருந்த தோலை எடுத்துத் தைக்க ஆரம்பித்தார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் மெஷினை விடச் சொல்லி, முதலாளியிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றைத்தானாம். என்னைப் பார்த்ததும், "ஏன் வந்தே? சோத்தைக் கொண்டாந்தியா?" என்றார். கொண்டுபோகவில்லை. "வீட்டுலேயே இருக்கட்டும், ராத்திரி தின்னுக்கிறேன். இப்ப கை சும்மா இல்ல" என்றார்.

அவரிடம் எழுதிக் கேட்காதே, பாவம் பார்த்து எதுவும் சொல்லாதே. கடையை மூடாதே. வருகிறவர்களிடம் நாளாகும் என்று சொல், பொறுக்க முடியாதவர்களுக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடு. ஒரு நாளைக்கு ஒரு ஜோடிக்கு மேல் எடுக்காதே. அவருக்குச் சாப்பாட்டு இடைவேளை அவ்வளவுதான்.

அண்ணி